90ஆம் நாளுக்குப் பிறகு எழுதிய இலக்குகள்

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளின் எஞ்சின்களைப் பழுது பார்ப்பது என் தொழில். பதினாறு ஆண்டுகள் குடித்தேன். கடைசி ஐந்து ஆண்டுகளில், மதியம் 12 மணிக்கு டாஸ்மாக் கடை திறப்பதற்கு முன்பே அதன் வாசலில் காத்து நிற்பவர்களில் நானும் ஒருவன். 2023ஆம் ஆண்டு போகியன்று, பழைய பாயோடு சேர்த்துக் குடியையும் கொளுத்திவிட்டதாக நானே முடிவு செய்துகொண்டு, யாரிடமும் கேட்காமல் ஒரே நாளில் நிறுத்தினேன். அந்தத் துணிச்சலை இன்றும் சிலர் பாராட்டுகிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் கோபம்தான் வருகிறது. மாட்டுப் பொங்கல் காலையில் வலிப்பு கண்டு சமையலறை வாசலில் விழுந்தேன். பழைய வண்ணாரப்பேட்டை வீட்டிலிருந்து ஸ்டான்லி மருத்துவமனைக்கு ஆட்டோவில் கொண்டுபோனார்கள். பல ஆண்டுகள் நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம், அதன் பிறகு புத்தி தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம், ஆகவே நிறுத்துவதை மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும் என்று பணியிலிருந்த மருத்துவர் என் மனைவிக்கு விளக்கியிருக்கிறார். எனக்கு நினைவு தெளிந்த ஜனவரி 17ஆம் தேதியை முதல் நாளாக வைத்துக்கொண்டேன்.

சிகிச்சை முடிந்து ஆலோசனைக்குப் போனபோது, அங்கிருந்த ஆலோசகர் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து இலக்குகளை எழுதி வரச் சொன்னார். வட்டிக் கடன் 1,80,000 ரூபாயை அடைப்பது, அடகில் இருக்கும் மனைவியின் நகையை மீட்பது, மகளின் நம்பிக்கையைத் திரும்பப் பெறுவது, 90 நாட்கள் குடிக்காமல் இருப்பது என்று நான்கு வரி எழுதினேன். அவர் மூன்றாவது வரியைப் பென்சிலால் வட்டமிட்டு, "இது உங்க கையில் இல்லை சார், பாப்பா கையில் இருக்கு" என்றார். முதல் இரண்டும் ஆண்டுக்கணக்கில் ஆகும் என்பது எனக்கே தெரிந்தது. மிஞ்சியது 90 நாள். காலண்டரில் தினமும் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டு வந்தேன்.

ராயபுரத்தில் ஒரு தேவாலயத்தின் பின்புற அறையில் நடக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கும் போகத் தொடங்கினேன். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரான் நகரில், தனியாகக் குடியை நிறுத்த முடியாமல் தவித்த ஒரு பங்குத் தரகரும் ஒரு மருத்துவரும் சந்தித்துப் பேசியதிலிருந்து வளர்ந்த அமைப்பு அது. கட்டணம் இல்லை, முழுப்பெயர் கேட்பதில்லை. "இன்று ஒரு நாள் மட்டும்" என்று அங்கே திரும்பத் திரும்பச் சொல்வார்கள். நான் தலையாட்டிவிட்டு மனத்துக்குள் 90ஐ எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த 90ஆம் நாள் ஏப்ரல் 16 அன்று வந்தது. முந்தின நாள்தான் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருந்தது. ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீனவர்களுக்கு அது கையைக் கட்டிப்போடும் காலம் என்றால், படகுகளைக் கரையேற்றி எஞ்சினைப் பிரித்து மாட்டும் எங்களுக்கு அறுவடைக் காலம். வேலை இரவு வரை இருக்கும், கூலி அன்றன்றே கைக்கு வரும். "இன்னாண்ணா, தொண்ணூறு முடிஞ்சுது, நமக்கு ஒண்ணும் கெடையாதா?" என்று கையாள் பையன் கேட்டான், அவன் பிரியாணியைத்தான் கேட்டான். எனக்கு அது வேறு மாதிரி கேட்டது. 93ஆம் நாள் குடித்தேன், நான்கு நாட்கள் தொடர்ந்து குடித்தேன். ஐந்தாம் நாள் என் மனைவி, போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446ஐ அழைத்து, இந்த முறை முறையாக எங்கே கொண்டுபோக வேண்டும் என்று கேட்டு அழைத்துப் போனாள்.

மீண்டும் அதே ஆலோசகர் முன் உட்கார்ந்தபோது அவர் திட்டவில்லை. 91ஆம் நாளுக்கு என்ன எழுதியிருந்தீர்கள் என்று மட்டும் கேட்டார். ஒன்றும் எழுதவில்லை. எல்லைக்கல்லைத் தொட்டவுடன் ஓட்டம் முடிந்துவிட்டதாக நினைத்தவனுக்கு அடுத்த அடி எங்கே வைப்பது என்பது தெரிந்திருக்கவில்லை.

பிறகு இலக்கு எழுதும் முறையை மாற்றினோம். முதல் வாரம் எந்த இலக்கும் கிடையாது. குடிக்கத் தோன்றும் நேரத்தை மட்டும் குறித்து வர வேண்டும். ஏழு நாளில் பதினொரு முறை குறித்திருந்தேன். அவற்றில் எட்டு, மாலை ஆறிலிருந்து எட்டு மணிக்குள். பட்டறையை விட்டுக் கிளம்பும் நேரம், மதியச் சாப்பாடு செரித்த வயிறு, சட்டைப்பையில் கூலி. பசி, கோபம், தனிமை, அயர்ச்சி ஆகிய நான்கும்தான் குடிநோயாளியைக் கடைக்கு இழுப்பவை என்று கூட்டத்தில் சொல்வார்கள். எனக்கு அவற்றில் முதலாவதும் கடைசியும் ஒரே நேரத்தில் வந்துகொண்டிருந்தன.

ஆகவே இரண்டாம் வாரத் தாளில், ஆறு மணிக்கு முன்பே சாப்பிட வேண்டும் என்பதே முதல் வரியானது. தள்ளுவண்டியில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் ஒரு தட்டும் வாழைத்தண்டு சூப்பும். சிரிப்பாகத் தோன்றலாம், வயிறு நிறைந்தபின் குடிக்கத் தூண்டும் அந்த வேகம் பாதியாகக் குறைவதை நான் என் உடம்பில் கண்டேன். கூலியை மேஸ்திரி என் மனைவியின் கணக்குக்கே அனுப்ப வேண்டும் என்பது இரண்டாவது. அவரிடம் போய் அதைக் கேட்பதற்கு எனக்கு மூன்று நாள் பிடித்தது. கடை இருக்கும் தெருவை விட்டு, கல்மண்டபம் சுற்றி எம்.சி. ரோட்டுத் துணிக்கடைக் கூட்டத்துக்குள் நடந்து வீடு சேர்வது மூன்றாவது. அப்படியும் தோன்றினால் இருபது நிமிடம் எதுவும் முடிவு செய்யாமல் நிற்க வேண்டும், ஏனென்றால் அந்த வேகம் அலை போல ஏறி நின்று தானாகவே இறங்கிவிடும் என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். துறைமுகத்தில் வளர்ந்தவனுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

தொழிலில் எழுதிய ஓர் இலக்கையும் சொல்ல வேண்டும். எஞ்சின் வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் இருக்கும் இடைவெளியைச் சரிசெய்யும் டேப்பட் செட்டிங் வேலையில், அந்த இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்து, அது இறுக்கமாகவும் இல்லாமல் தளர்வாகவும் இல்லாமல் லேசாக உரசிக்கொண்டு வெளிவருகிறதா என்று விரலால் உணர வேண்டும். நடுங்கும் கைக்கு எல்லாமே உரசுவதாகத்தான் தெரியும். பல ஆண்டுகளாக அந்த வேலையைக் கையாள் பையனிடம் தள்ளிவிட்டு, அவனுக்குக் கற்றுக்கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வாரம் ஒரு சிலிண்டரை நானே செட் செய்வது என்று எழுதினேன். தேதி குறிக்கவில்லை. ஆறு சிலிண்டர் லேலண்டு எஞ்சின் ஒன்றை முழுவதும் நானே முடித்த அன்று, தகட்டை இரண்டு முறை உருவிப் பார்த்தேன். ஆறிலும் ஒரே உரசல்.

இப்போதும் ஞாயிறு இரவில் ஒரு வாரத்துக்கு மட்டும் எழுதுகிறேன். போன வாரத் தாளில் நான்கில் மூன்று முடிந்தது. வட்டிக்காரரிடம் நேரில் போய் மீதித் தொகை எவ்வளவு என்று கேட்பது என்ற வரி மட்டும் இரண்டு வாரமாகத் தாள் மாறிக்கொண்டிருக்கிறது. இந்த வாரம் அதைச் செவ்வாய்க்கிழமைக்குப் போட்டிருக்கிறேன், சாப்பிட்ட பிறகு.