தொட்டியில் வளர்த்த புழுவும் பூலாம்பட்டி ஜிலேபியும்

மாசி தாண்டினால் சேலத்து மண்ணில் மண்புழு கிடைப்பது அபூர்வம். கடப்பாரை போட்டால் டங்கென்று சத்தம்தான் வரும். குளியலறைத் தண்ணீர் பாயும் வாழைமரத்தடியில் மட்டும் நாலைந்து கிடைக்கும், அதுவும் நூல் மாதிரி. ஞாயிறு விடிகாலையில் தூண்டிலோடு பூலாம்பட்டிக்குக் கிளம்ப வேண்டியவன் சனிக்கிழமை சாயங்காலம் முழுக்க அந்த வாழைமரத்தைச் சுற்றிக்கொண்டிருப்பதில் எனக்கு அலுத்துவிட்டது, அதனால் மூன்று வருடமாகப் புழுவை வீட்டிலேயே வளர்க்கிறேன்.

மண்புழு உரம் போடுகிற ஒருவரிடம் கால் கிலோ புழு வாங்கினேன். யூட்ரிலஸ் என்கிற ஆப்பிரிக்க இனம், உரத்துக்காக நம் பக்கம் நிறையப் பேர் வளர்ப்பதுதான். தடித்த உடம்பு, வெயிலில் பிடித்தால் ஊதாவாக மினுங்கும், துள்ளலும் அதிகம். தூண்டிலுக்கு அந்தத் துள்ளல்தான் வேண்டும்.

முதல் தடவை அத்தனையும் செத்தது. பச்சைச் சாணியை அப்படியே தொட்டியில் கொட்டிவிட்டேன். மறுநாள் கையை விட்டால் உள்ளே சுட்டது, புழுவெல்லாம் கொழகொழவென்று கரைந்து கிடந்தது. அன்று ரொம்ப வருத்தமாகப் போனது. இப்போது சாணியை நிழலில் இருபது நாளாவது ஆறப்போட்டு, சூடும் நாற்றமும் போன பிறகுதான் தொட்டிக்குள் போடுகிறேன். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு கை அள்ளி இறுக்கிப் பிழிவேன், ஒன்றிரண்டு சொட்டு விழுந்தால் போதும், ஒழுகினால் அதிகம். தீனிக்கு வாழைப்பழத்தோல், கீரைத் தண்டு, ஏற்காட்டுக் காப்பித்தூள் வடித்த சக்கை. எலுமிச்சை, உப்பு, காரம் எதுவும் கூடாது. எறும்பு ஏறாமல் இருக்கத் தொட்டியைச் செங்கல் மேல் வைத்து, ஒவ்வொரு செங்கல்லும் ஒரு தட்டுத் தண்ணீரில் நிற்கிற மாதிரி செய்திருக்கிறேன். சித்திரை வெயிலில் மேலே ஈரச் சாக்கு, காலையும் மாலையும் நனைக்க வேண்டும், 35 டிகிரிக்கு மேல் போனால் இந்தப் புழு தாங்காது. இன்னொன்று, மழை ராத்திரியில் கூட்டமாக வெளியே ஊர்ந்துவிடும். ஒரு விடியலில் வாசல் முழுக்கப் புழுவாகக் கிடந்தது, என் மனைவி முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்புறம் தொட்டிக்கு மேலே ஒரு ஜீரோ வாட் பல்பு மாட்டினேன். வெளிச்சத்துக்குப் பயந்து உள்ளேயே இருந்துகொள்ளும்.

கழுத்துப் பக்கம் பட்டை விழுந்த பெரிய புழுவை நான் எடுப்பதில்லை, அது முட்டையிட வேண்டும். நடுத்தரப் புழுவே போதும். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி முப்பது நாற்பதைப் பொறுக்கி, நனைத்துப் பிழிந்த தேங்காய் நார்த்தூளில் போட்டு வைப்பேன். வயிற்றில் இருக்கும் சாணியெல்லாம் வெளியேறி, விடிவதற்குள் உடம்பு கெட்டியாகிவிடும். முள்ளில் குத்தும்போது பிய்யாது. வளர்த்த புழுவுக்கும் தோண்டின புழுவுக்கும் இருக்கிற வித்தியாசமே இதுதான் என்பேன்.

பூலாம்பட்டியில் கதவணை தேக்கிய காவிரி அசையாமல் நிற்கும், எதிரே நெரிஞ்சிப்பேட்டை. கரையோரப் புல்லை ஒட்டிப் போட்டால் ஜிலேபி வரும், 1952இல் நம் நாட்டுக்கு வந்த மீன், அதுவும் ஆப்பிரிக்காதான். அதன் வாய் சின்னது. முழுப் புழுவைக் கோத்தால் வாலை மட்டும் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். அரைப் புழுவை முள் மறைய இரண்டு குத்து குத்தி, விரல் அகலத்துக்கு வாலைத் தொங்கவிட வேண்டும், அந்த வால் தண்ணீருக்குள் நெளிந்துகொண்டே இருக்கும். தக்கை முதலில் நடுங்கும், இழுக்காதீர்கள். அப்புறம் சாய்ந்து பக்கவாட்டில் நகரும், அப்போது வெட்டி இழுங்கள். நேராக முங்கினால் பெரும்பாலும் கெளுத்தி. கழற்றும்போது பக்க முள்ளில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குத்தினால் நாள் முழுக்கக் கடுக்கும்.

போன மாதம் பக்கத்தில் ஒரு பெரியவர் மைதா உருண்டை போட்டுக்கொண்டிருந்தார். என் கொட்டாங்கச்சியை எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இந்த வெயில்ல புழு எங்கீங்க கெடச்சுது?"

"வீட்டுல வளக்கறனுங்கய்யா. ஒரு கை எடுத்துக்கங்க."

அரை மணி நேரத்தில் ஏழு ஜிலேபி எடுத்தார். எனக்கு நாலுதான்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்குள் தேன்பெட்டி வைத்திருக்கும் நண்பர், மெழுகுப் பூச்சி விழுந்த அடையை எப்போதாவது தருவார். உள்ளே இருக்கும் வெள்ளைப் புழுவைக் கெண்டை விடவே விடாது. ஆனால் தேன்கூட்டை அழிக்கிற பூச்சியை வளர்க்க எனக்கு மனசு வரவில்லை.

மீந்த புழுவை ஆற்றோரத்திலோ மலை ஓடைப் பக்கமோ கொட்டிவிட்டு வராதீர்கள். வெளிநாட்டுப் புழு, சேர்வராயன் காட்டு மண்ணுக்கு அது தேவையில்லை. நான் திருப்பிக் கொண்டுவந்து தொட்டியிலேயே விட்டுவிடுகிறேன். இப்போது தொட்டி நிரம்பிக் கிடக்கிறது, சேலத்தில் யாருக்காவது ஆரம்பிக்க ஒரு பிடி வேண்டுமென்றால் கேளுங்கள். டப்பா கொண்டுவந்தால் மூடியில் ஓட்டை போட்டுக் கொண்டுவாருங்கள்.