பிரித்தானியாவில் கிளினிக்கல் அட்டாச்மென்ட்: மெயிலுக்கு முன்னம் ஊசி ரிப்போர்ட்

கிளினிக்கல் அட்டாச்மென்ட் என்றால் அங்கத்தைய ஆஸ்பத்திரி வார்டில் சம்பளமில்லாமல், சிகிச்சை அளிக்காமல், சில கிழமை நின்று பார்த்துப் பழகுவது. இதற்கு இடம் தேடுகிற, யாழ் மருத்துவ பீடத்தில் படித்து முடித்தவர்கள் முதலில் கேட்பது, "ஆருக்கு மெயில் போடுறது?" அதற்கு முன்னம் யோசிக்கவேண்டியது எப்போது போவது என்பதை. விசிட்டர் விசாவில் அட்டாச்மென்ட் ஒரு தரம்தான். முன்னர் செய்யவில்லை என்று விண்ணப்பத்தில் உறுதிப்படுத்தவேணும். ஆகவே இன்டேர்ன்ஷிப்புக்குக் காத்திருக்கிற மாதங்களில் அவசரப்பட்டுப் போய் அந்த வாய்ப்பை முடித்துவிடாதேங்கோ. பிளாப் என்பது வெளிநாட்டில் படித்த மருத்துவர்கள் பிரித்தானியாவில் பதிவதற்கான சோதனை. அதன் இரண்டாவது, செய்முறைக் கட்டமான பிளாப் 2 மான்செஸ்டரில் நடக்கிறது, அதே விசாவில் செய்யலாம். சோதனை முடிந்த கையோடு 4 கிழமை வார்டில் நின்றால் விமானச் செலவு ஒன்றுதான். வார்டில் உங்களைப் பார்த்த கன்சல்டன்ட் (மூத்த நிபுணர்) தருகிற ரெஃபரன்ஸும் வேலைக்கு விண்ணப்பிக்கிற நேரத்தில் புதிதாக இருக்கும்.

காத்திருக்கிற மாதங்களில் ஊசி விஷயத்தைப் பாருங்கோ. கன்சல்டன்ட் ஓம் என்ற பிறகும், வார்டுக்கு வருபவர்களின் ஊசி, தொற்று விபரங்களைப் பார்க்கிற ஒக்கியுப்பேஷனல் ஹெல்த் பிரிவில் மறிபடலாம். ஹெபடைட்டிஸ் பி ஊசி 0, 1, 6 மாதங்களில். கடைசி ஊசிக்கு 1–2 மாதம் கழித்து எதிர்ப்புச் சக்தி எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்க்கிற அன்ரி-எச்பிஎஸ் இரத்தப் பரிசோதனை. ஊசி அட்டை மட்டும் காணாது, அந்த அளவு தெரியவேணும். அது 10க்கும் 100க்கும் (mIU/ml) இடையில் என்றால் இன்னொரு ஊசி. 10க்குக் கீழே என்றால் முழுத் தொடரையும் திரும்பப் போட்டு, திரும்பவும் இரத்தம் பார்க்கவேணும், அதற்கே மாதக்கணக்கு. சின்னமுத்து, ருபெல்லா, கொப்புளிப்பான் எதிர்ப்பு ரிப்போர்ட்டுகளையும் சேர்த்து எடுங்கோ. காசநோய்க்கு, பிசிஜி ஊசி போட்ட எங்களுக்கு மன்ரூ தோல் பரிசோதனை வீங்கிக் குழப்பலாம்; இக்ரா இரத்தப் பரிசோதனை தெளிவு.

இனி மெயில். ஆஸ்பத்திரிகளை நடத்துகிற சில என்எச்எஸ் (அரச சுகாதார சேவை) ட்ரஸ்ட்களின் இணையத்தளத்தில் அட்டாச்மென்டுக்கென்று தனிப் பக்கமும் படிவமும் உண்டு, கட்டணம் கேட்கிற இடமும் உண்டு. இல்லாவிட்டால் கன்சல்டன்டின் செக்ரட்டரிக்கு எழுதுங்கோ. அங்கே வேலை செய்கிற எங்கள் மூத்த பட்ச் ஆட்களிடம் "இடம் பிடிச்சுத் தாங்கோ" என்று கேட்டால் அவர்களுக்குச் சங்கடம். "அண்ணை, உங்கட டிபார்ட்மென்டில அட்டாச்மென்ட் எடுக்கிறவையோ? ஆரிட்டக் கேக்கிறது?" என்றால் பதில் சொல்வது சுகம். ஒரே மெயிலை நூறு பேருக்கு அனுப்புவதில் எனக்கு நம்பிக்கையில்லை. எந்த வார்டு, எந்தத் திகதி, எத்தனை கிழமை, பிளாப் எந்தக் கட்டம் என்பதை முதல் நாலு வரியில் வையுங்கோ. இரண்டு பக்க சிவி, பட்டச் சான்று, இலங்கை மருத்துவ சபையின் நற்சான்று, ஊசி ரிப்போர்ட் எல்லாம் ஒரே பிடிஎஃப்பாக.

"வாங்கோ" என்று கன்சல்டன்ட் போடுகிற பதில் மெயிலை நம்பி விசாவுக்குப் போடாதேங்கோ. ஆஸ்பத்திரியின் கடிதத்தாளில் உங்கள் பெயர், தொடங்கும் திகதி, முடியும் திகதி, சம்பளமில்லை, நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கமாட்டார் என்ற ஐந்தும் இருக்கவேணும். ஒன்று குறைந்தாலும், விசாக் கட்டணம் கட்டுவதற்கு முன்னமே திருத்தி வாங்குங்கோ.