உபரி வந்த ஆண்டு

டர்பனில் சுங்கப் பத்திரங்கள் தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். அதனால் தென்னாப்பிரிக்க வருவாய்த் துறை ஒவ்வொரு மாதக் கடைசியிலும் வெளியிடும் சரக்கு வர்த்தகக் கணக்கைத் தவறாமல் படிப்பேன். ஏற்றுமதியின் மதிப்பிலிருந்து இறக்குமதியின் மதிப்பைக் கழிக்கும்போது மிச்சம் இருந்தால் அது உபரி, குறைந்தால் பற்றாக்குறை. இந்த விடையைத்தான் நிலுவை என்கிறோம். கழித்தல் எளிது, விடைக்குப் பொருள் சொல்வதுதான் கடினம் என்பதை 2020ஆம் ஆண்டின் முடிவில் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து பெரியப்பா கேட்ட கேள்வியால் உணர்ந்தேன். "இதுவரை காணாத உபரி என்கிறார்களே தம்பி, அந்த ஆண்டிலேயே உன் அண்ணனுக்கு ஏன் வேலை போயிற்று?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. 2020 மார்ச் 27 அன்று ஊரடங்கு தொடங்கிய பிறகு மக்கள் கார் வாங்கவில்லை, தொழிற்சாலைகள் இயந்திரம் தருவிக்கவில்லை, கச்சா எண்ணெயின் விலையும் தேவையும் ஒருசேர விழுந்தன. சில மாதங்களில் சுரங்கங்கள் மீண்டும் இயங்க, உலோகங்களின் விலையும் ஏறியது. ஏற்றுமதி எழுந்து நின்றபோது இறக்குமதி படுத்தே கிடந்ததால்தான் உபரி அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது. நாட்டின் உற்பத்தியோ அவ்வாண்டில் சுமார் 6 விழுக்காடு சுருங்கியது. வாங்க வழியில்லாத வீட்டிலும் மாதக் கடைசியில் பணம் மிஞ்சக்கூடும் என்று பெரியப்பாவிடம் சொன்னேன்.

2021இல் உபரி 400 பில்லியன் ராண்டைத் தாண்டியது. இம்முறை காரணம் வேறு. உலகின் ரோடியத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் இந்நாட்டு மண்ணிலிருந்து வருகிறது. கார்களின் புகையைத் தூய்மையாக்கப் பயன்படும் அந்த உலோகம் 2021இன் முற்பகுதியில் அவுன்ஸ் 29,000 டாலரையும் கடந்து, 2023 இறுதிக்குள் 5,000 டாலருக்கும் கீழே இறங்கியது. தோண்டிய மண் அதே மண், தோண்டியவர்களும் அதே தொழிலாளர்கள். ஏறியதும் இறங்கியதும் பெரும்பாலும் விலையே என்பதால், மதிப்பை மட்டும் காட்டும் இக்கணக்கை ஏற்றுமதியான எடையோடு சேர்த்துப் பார்க்காமல் நான் எந்த முடிவுக்கும் வருவதில்லை.

2023இல் உபரி 100 பில்லியனுக்கும் கீழே சுருங்கியபோது செய்திகள் கவலையோடு பேசின. உலோக விலையின் வீழ்ச்சியோடு, மின்வெட்டு உச்சத்தில் இருந்த அந்த ஆண்டில் சூரியத் தகடுகளும் மின்கலங்களும் கொள்கலன் கொள்கலனாக டர்பனில் இறங்கின; மின்நிலையங்களுக்கும் ஜெனரேட்டர்களுக்கும் டீசலும் வந்தது. இவை இரண்டும் கணக்கில் இறக்குமதியாகவே நிற்கின்றன. ஆனால் டீசல் அன்றே எரிந்து தீர்ந்துவிடும். தகடோ இருபது ஆண்டுகளுக்கு மேல் கூரையில் இருந்து மின்சாரம் தரும். இந்த வேறுபாட்டை நிலுவை என்ற ஒற்றை எண் ஒருபோதும் சொல்லாது.

நம் சமையலறையிலும் இக்கணக்கு இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் நெல் விளைவதில்லை என்றே சொல்லலாம். உலையில் போடும் அரிசி தாய்லாந்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வருகிறது. எதிர்த்திசையில் ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்திலிருந்து நிலக்கரி இந்தியாவுக்குப் போய் அங்குள்ள இரும்பு உலைகளில் எரிகிறது. அரிசியைத் தருவிப்பதை நான் குறையாகக் கருதவில்லை. தண்ணீர் அருமையான இந்நாட்டில் அதுவே அறிவுடைமை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். போட்ஸ்வானா, எஸ்வாட்டினி, லெசோத்தோ, நமீபியா ஆகிய அண்டை நாடுகளோடு தென்னாப்பிரிக்காவுக்குப் பெரிய உபரி உண்டு. அவற்றை நீக்கிப் பார்த்தால் மொத்த நிலுவை வெகுவாகக் குறைந்துவிடும். மேலும், சேவைகளுக்கான செலவும், அயல்நாட்டு முதலீட்டாளர்களுக்குப் போகும் வட்டியும் ஈவுத்தொகையும் இதில் அடங்கா. 2023இல் சரக்கில் உபரி இருந்தும், இவற்றையும் சேர்த்துப் பார்க்கும் நடப்புக் கணக்கு பற்றாக்குறையில் முடிந்தது அதனால்தான்.

இப்போதெல்லாம் மாதக் கடைசியில் கணக்கு வந்ததும், நிலுவை எண்ணைப் பார்ப்பதற்கு முன் இயந்திரங்களின் இறக்குமதியைத்தான் தேடுகிறேன். அது தொடர்ந்து குறைந்தால், அண்ணனைப் போன்றவர்களைத் திரும்ப அழைக்கும் எண்ணம் தொழிற்சாலைகளுக்கு இன்னும் வரவில்லை என்று புரிந்துகொண்டு பெரியப்பாவுக்குத் தொலைபேசியில் சொல்கிறேன்.