பிரஷர் எனக்கு, செக்-அப் பிள்ளைக்கு

கர்ப்பத்தில் பிரஷர் வந்தால் பேச்செல்லாம் தாயைப் பற்றியே இருக்கும். பிரசவம் ஆகி பிபி இறங்கியதும் "நல்லவேளை, ரெண்டு உசுரும் தப்பிச்சுது" என்று அந்தக் கதையை முடித்துவிடுவார்கள். பிள்ளையின் மூளை வளர்ச்சியை அதற்கப்புறம் சில வருஷம் கவனிக்க வேண்டும் என்பதை நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

31வது வாரத்தில் எனக்கு பிபி 160/110ஐத் தாண்டியது. சிறுநீரில் புரதம், விடாத தலைவலி, கண்முன்னே பூச்சி பறப்பது, எல்லாம் இருந்தது. இதைத்தான் கடுமையான பிரீஎக்லாம்சியா என்கிறார்கள். அதற்குச் சில நாள் முன்பே தலைவலி என்று ஒரு தனியார் டாக்டரிடம் போயிருந்தேன். பிபி கருவியைத் தொடாமலே பனடோ (பாராசிட்டமால் மாத்திரை) எழுதிக் கொடுத்து அனுப்பினார். இன்றுவரை அந்தக் கோபம் ஆறவில்லை.

அரசு மருத்துவமனையில் சேர்த்ததும் குழந்தையின் நுரையீரலுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். கூடவே மெக்னீசியம் சல்பேட். நரம்பில் ஏற்றியபோது உடம்பு முழுக்க அனல் பரவியது. பிட்டத்தில் இரண்டு பக்கமும் போட்டது அதைவிட மோசம், கத்திவிட்டேன். சிஸ்டர் வந்து வந்து சின்னச் சுத்தியலால் முட்டியைத் தட்டிப் பார்த்தார். மருந்து அளவு மீறினால் முதலில் அந்த அசைவுதான் போகுமாம். எனக்கு வலிப்பு வராமல் தடுக்கத்தான் அந்த மருந்து. ஆனால் இவ்வளவு சீக்கிரம் பிறக்கப்போகும் குழந்தைக்கு மூளைவாதம் வரும் வாய்ப்பையும் அது குறைக்கும் என்று டாக்டர் சொன்னபோது ஊசி வலி கொஞ்சம் மறந்தது.

ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனை அவர் பொறுமையாக விளக்கினார். நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சரியாக விரியாததால் குழந்தைக்கு ரத்தம் குறைகிறது. அதனால் குழந்தையின் உடம்பு கை, கால், குடலுக்குப் போகும் ரத்தத்தைச் சுருக்கி மூளைக்குத் திருப்பிக்கொள்கிறது. "அப்படியென்றால் மூளைக்கு ஒன்றும் ஆகாதே?" என்று என் கணவர் கேட்டார். குழந்தை நெருக்கடியில் இருக்கிறது என்பதற்கான அடையாளம் அது, அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது என்றார் டாக்டர். ஆபரேஷன் ஆனது.

இன்குபேட்டர், பீய்ச்சிய பால், நெஞ்சோடு அணைத்த கங்காரு பராமரிப்பு, உச்சிக்குழி வழியாக மூளை ஸ்கேன் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் எல்லாம் என் தலையில் விழுந்தது.

இங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் 'ரோட் டு ஹெல்த்' என்று ஒரு கையேடு தருவார்கள். தடுப்பூசி, எடை, வளர்ச்சிச் சோதனை எல்லாம் அதில்தான். கர்ப்பத்திலும் பிரசவத்திலும் இருந்த பிரச்சினைகளை எழுத ஒரு கட்டம் உண்டு. என் பையனின் கையேட்டில் அது வெறுமையாக இருந்தது. முதல் தடுப்பூசிக்குப் போனபோது சிஸ்டரிடம் காட்டி, "கடுமையான பிரீஎக்லாம்சியா, 31 வாரம், வளர்ச்சி குறைவு" என்று எழுத வைத்தேன். வேலை மிகுந்த நேரம், அவர் கொஞ்சம் முகத்தைச் சுளித்தார். பரவாயில்லை. கிளினிக்கில் போகும்போதெல்லாம் வேறு ஆள் இருப்பார். அந்த ஒரு வரி இருந்ததால்தான் தலைச்சுற்றளவை மறக்காமல் அளந்தார்கள், பிசியோவுக்கும் எழுதிக் கொடுத்தார்கள்.

அடுத்த சண்டை வயது பற்றி. குறைமாதக் குழந்தை எத்தனை வாரம் முன்னால் பிறந்ததோ அதைக் கழித்துத்தான் வளர்ச்சியைப் பார்க்க வேண்டும், இரண்டு வயது வரைக்கும். பிறந்து 6 மாதம் என்றால் எங்கள் பையனுக்குக் கணக்கில் 4 மாதம். தடுப்பூசிக்கு இந்தக் கழிவு கிடையாது, பிறந்த தேதிப்படியேதான். அத்தைக்கு இது பிடிபடவே இல்லை. "என்னம்மா, பக்கத்து வீட்டுப் பிள்ளை உட்காருது, இவன் இன்னும் சாயறானே" என்று டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுவிட்டார். பிசியோ அம்மா அவர் முன்னாலேயே பையனின் இரு கையையும் பிடித்து மெல்லத் தூக்கினார். தலை பின்னால் தொங்காமல் கூடவே வந்தது. இரண்டு கையும் ஒரே மாதிரி விரிகிறதா என்றும் பார்த்தார். ஒரு வயதுக்குள் ஒரு கையை மட்டும் பயன்படுத்தினால் உடனே காட்டச் சொன்னார். அத்தை அப்புறம் வாயைத் திறக்கவில்லை.

இணையத்தில் தேடினால் ஆட்டிசம், கவனக்குறைவுக் கோளாறு (ADHD) என்று பயமுறுத்தும் தலைப்புகள் வரும். அந்த வாய்ப்பு சற்றுக் கூடுவதாகப் பல ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஆனால் அதில் பிரஷரின் பங்கு எவ்வளவு, குறைமாதத்தின் பங்கு எவ்வளவு, எடைக் குறைவின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே வளர்கிறார்கள் என்று எங்கள் டாக்டர் சொன்னார். அதற்காகச் செக்-அப்பைத் தவறவிடாதே என்றும் சேர்த்துத்தான் சொன்னார்.

இப்போது பையன் நடக்கிறான். பேச்சு கொஞ்சம் மந்தம், காது சோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு வருஷா வருஷம் பிபி பார்க்க வேண்டும்; பிற்காலத்தில் ரத்த அழுத்தமும் இதயநோயும் வரும் வாய்ப்பு எங்களைப் போன்றவர்களுக்கு அதிகம். அடுத்த கர்ப்பம் என்றால் 12வது வாரத்திலிருந்தே குறைந்த அளவு ஆஸ்பிரின் தர வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தையும் அந்தக் கையேட்டுக்குள்ளேயே செருகி வைத்திருக்கிறேன்.