எந்த லிப்பிட், எத்தனை நாளுக்கு?

யாழ்ப்பாணத்தில் குறைமாதக் குழந்தைகளைப் பராமரிக்கும் தாதியான எனக்கு, லிப்பிட் (பால் குடிக்க முடியாத குழந்தைக்கு இரத்தக் குழாய் வழியாக ஏற்றும் கொழுப்புக் கரைசல்) என்றால் நெடுங்காலம் சோயா எண்ணெய்ப் போத்தல் மட்டுந்தான். 1962இல் சுவீடனில் பாவனைக்கு வந்த இன்ட்ராலிப்பிட்டின் வழி அது. ஒரு கிலோ எடையுள்ள குழந்தைக்கு 3 கிராம் கொழுப்பு வேண்டுமென்றால், 20 வீதக் கரைசலில் நாளொன்றுக்கு 15 மில்லிலீற்றர், மணிக்கு 0.6 மில்லிலீற்றர். "மிஸ், இந்தத் துளியிலா பிள்ளை வளரும்?" என்று அம்மம்மாக்கள் கேட்பார்கள். அந்தத் துளிகளில் 30 கிலோகலோரி இருக்கிறது.

பிறகு ஸ்மோஃப்லிப்பிட் என்ற கலப்பு எண்ணெய் பற்றிய பேச்சு வந்தது. சோயா 30, நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு 30, ஒலிவ் 25, மீனெண்ணெய் 15 வீதம். விலையும் கூட. அதன்பின் சோயாவை நஞ்சுபோல் சிலர் பார்க்கத் தொடங்கினார்கள். அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை: சோயாவின் தாவர ஸ்டெரோல்கள் பித்த ஓட்டத்தைக் கெடுக்கக்கூடியவை, வாரக்கணக்கில் ஏற்றினால் ஈரல் தாங்காது. ஆனாலும் பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட 2019ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வு, குறைமாதக் குழந்தைகளில் ஒன்று மற்றொன்றைவிடச் சிறந்தது என்று கண்டுபிடிக்கவில்லை. நாலைந்து நாளில் பாலுக்கு மாறிவிடும் குழந்தைக்கு விலை கூடியதைத் தேடி அலைவதில் எனக்கு நம்பிக்கையில்லை. குடலில் சத்திரசிகிச்சை செய்து வாரக்கணக்கில் லிப்பிட்டில் இருக்கும் குழந்தையின் கதை வேறு. அங்கே கலப்பு எண்ணெய்தான் வேண்டும்.

கலப்பிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஈரலுக்குப் பயந்து கொழுப்பைக் கிலோவுக்கு 1 கிராமாகக் குறைத்தாலும், சோயாவில் பாதிக்குமேல், உடல் தானே செய்துகொள்ள முடியாத லினோலெயிக் அமிலம் என்பதால் அத்தியாவசியத் தேவை நிறைவேறிவிடும். ஐரோப்பிய வழிகாட்டல் குறைமாதக் குழந்தைக்குக் கேட்பது, கிலோவுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 0.25 கிராம். கலப்பிலோ அந்த அமிலம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். 1 கிராம் கொடுத்தால் பற்றாது. தோல் உரியும், எடை ஏறாது. பழைய பழக்கத்தில் அளவைக் குறைக்கும் இளம் வைத்தியர்களிடம் இதைச் சொல்லத் தயங்குவதில்லை. (சிலருக்கு அது பிடிக்காது, பிடிக்காவிட்டால் போகட்டும்.)

விடுதிச் சுற்றின்போது நான் முதலில் விசாரிப்பது தாயைத்தான். குருதியமுக்கத்தோடு தீவிர சிகிச்சையில் கிடக்கிறாரா, மூத்த பிள்ளைகளுக்காக நெடுந்தீவுக்குத் திரும்பிவிட்டாரா? கடல் கொந்தளித்துப் படகு ஓடாவிட்டால் பால் வராது, லிப்பிட் நாட்கள் நீளும். அப்படித் தெரிந்தால், பித்தம் தேங்கும்வரை காத்திராமல் கலப்பு எண்ணெய்க்கு முதல் வாரத்திலேயே எழுதச் சொல்கிறேன்.