நம்ம கூடலூரா மாமா?

போன வாரம் அக்கா மகள் சென்னையிலிருந்து போன் செய்தாள். சட்டக் கல்லூரியில் படிக்கிறாள். "மாமா, கோயல்ஹோ வழக்குன்னு ஒரு பாடம். 9 நீதிபதிங்க உட்கார்ந்து சொன்ன தீர்ப்பாம். அதுல கூடலூர்னு வருது. நம்ம கூடலூரா, தேனிப் பக்கத்துக் கூடலூரா?"

நம்ம நீலகிரிக் கூடலூர்தான் என்றேன். அவள் தவழ்ந்த வீடே அந்த வழக்கில் வருகிற நிலச் சட்டம் பேசுகிற மண்ணில்தான் இருக்கிறது என்றதும் பேச்சு ஒரு மணி நேரம் நீண்டுவிட்டது.

நீலகிரி என்றால் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு ஊட்டிதான். அந்த மாவட்டத்தை 1868-இல் கோயம்புத்தூரிலிருந்து பிரித்து, ஒரு கமிஷனரின் கீழ் வைத்தார்கள். கலெக்டர் வந்தது 1882-இல். இடையில் 1877-இல் மலபாரிலிருந்து தென்கிழக்கு வயநாட்டை வெட்டி நீலகிரியோடு ஒட்டினார்கள். நம்பாலக்கோட்டை, சேரங்கோடு, முன்னநாடு என மூன்று அம்சங்கள், அதாவது மலபாரின் வருவாய்ப் பிரிவுகள். அதுதான் இன்றைய கூடலூர், பந்தலூர் பக்கம். மாவட்டம் மாறியது, நிலமுறை மாறவில்லை. மண் அப்போதும் ஜென்மிக்குத்தான், அதாவது பரம்பரை நிலவுடைமையாளருக்குத்தான். நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்திடம் குத்தகை எழுதி வாங்கித்தான் துரைமார் காபியும் தேயிலையும் போட்டார்கள். 1956-இல் மலபார் கேரளாவோடு போக, ஜென்மி ஒரு மாநிலத்தில், நிலம் இன்னொரு மாநிலத்தில்!

அந்த மண்ணில் பணியரும் காட்டுநாயக்கரும் பெட்டக்குறும்பரும் முள்ளுக்குறும்பரும் எல்லோருக்கும் முன்பே இருந்த பழங்குடிகள். வயநாடன் செட்டிகளும் மவுண்டாடன் செட்டிகளும் வயல் வைத்திருந்தார்கள். பிறகு கேரளாவிலிருந்து குடியேறியவர்கள். கடைசியாக இலங்கையிலிருந்து திரும்பிய எங்களைப் போன்ற சிலோன்காரர்கள். 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. எங்களுக்காகத்தான் 1968-இல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது. தாத்தா தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாம் வழியாக வந்து, அதில் கொழுந்து நிறுத்தார். தோட்டத்து லைன் வீட்டில் இடம் போதாமல் அப்பா வெளியே அரை ஏக்கரில் குடிசை போட்டார். பக்கத்தில் ஒரு பணியர் காலனி. அவர்கள் மொழி எனக்கு இன்றும் பாதிதான் புரியும். கடைவீதியில் மலையாளம் இல்லாமல் பிழைக்க முடியாது.

1969-இல் தமிழக அரசு கூடலூரில் ஜென்மத்தை, அதாவது ஜென்மிகளின் நில உரிமையை ஒழித்து, நிலம் வைத்திருப்பவர் நேரடியாக அரசுக்கு வரி கட்டும் ரயத்துவாரியாக மாற்றச் சட்டம் போட்டது. அதில் 17-ஆம் பிரிவு தோட்டக் குத்தகைகளைப் பற்றியது: ஜென்மி இருந்த இடத்தில் அரசு உட்காரும். 1972-இல் உச்ச நீதிமன்றம் காடுகளை எடுத்துக்கொள்ளும் பகுதியை மட்டும் செல்லாது என்றது. அரசாங்கம் விடவில்லை, 1974-இல் நாடாளுமன்றம் சட்டத்தை அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தது. அங்கே போனால் நீதிமன்றம் தொட முடியாதா என்ற கேள்விதான் அவள் படிக்கிற வழக்கு. 2007 ஜனவரியில் பதில் வந்தது: 24.4.1973-க்கு, அதாவது கேசவானந்த பாரதி தீர்ப்புக்குப் பிறகு அட்டவணைக்குள் போன சட்டம், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்கிறதா என்று நீதிமன்றம் பார்க்கலாம்.

இன்னொன்றையும் சொன்னேன். நாடு முழுக்க காட்டுக்கு என்ன அர்த்தம் என்று மாற்றியெழுதிய கோதவர்மன் வழக்கு. 1995-இல் அதைப் போட்டவர் நிலம்பூர் கோவிலகத்துக்காரர். மரம் வெட்டப்பட்டது கூடலூர் பக்கத்துக் காடுகளில். ஒரே தாலுகாவிலிருந்து ரெண்டு பெரிய தீர்ப்பு! எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது, அசட்டுத்தனமாக.

ஊரில் "செக்‌ஷன் 17" என்றால் சட்டம் படிக்காத கிழவிக்கும் தெரியும். அந்தப் பிரிவில் மாட்டிய நிலத்துக்குப் பட்டா இல்லை என்று அர்த்தம். பட்டா கேட்டு அப்பா கொடுத்த மனுக்களின் நகல்கள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கின்றன.

"சரி மாமா, நம்ம வீட்டுக்கு பேப்பர் ஏதாவது இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க. செமினார்ல காட்டணும்."

தேடினேன். வீட்டு வரி ரசீது ஒன்று. அப்புறம் தாத்தா கப்பலில் கொண்டுவந்த, ஓரம் கரைந்த குடும்ப அட்டை. ரெண்டையும் அனுப்பினேன்.

"இது பட்டா இல்லையே மாமா" என்று பதில் வந்தது.

நன்றாகத்தான் படிக்கிறாள்.