ஒரே கணினிக்கு ரவுட்டர்: செய்து பார்த்த அனுபவம்

கணினி ஒன்றுதான் இருக்கிறது, அதற்கு எதற்கு ரவுட்டர் என்று கேட்பது நியாயமே. பிரிட்ஜ் முறையில், அதாவது இணைப்பைத் தான் கையாளாமல் அப்படியே கடத்திவிடும் முறையில், இயங்கும் மோடத்திலிருந்து கேபிளை நேராகக் கணினியில் செருகினாலும் இணையம் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் அப்போது பொது ஐ.பி. முகவரி (இணையத்தில் எவரும் நேரடியாக அணுகக்கூடிய எண்) கணினிக்கே வந்து சேர்வதால், வெளியிலிருந்து எவரும் அதன் போர்ட்டுகளை (நிரல்கள் இணைப்பு ஏற்கும் எண்ணிட்ட வாசல்களை) தட்டிப் பார்க்கலாம். தடுப்பதற்குக் கணினியின் சொந்த ஃபயர்வாலைத் தவிர வேறொன்றும் இல்லை. தவிர, பி.பி.பி.ஓ.இ. (PPPoE) எனப்படும், உள்நுழைந்து பெறும் இணைப்பு என்பதால் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒவ்வொரு முறையும் கணினியே அனுப்ப வேண்டியிருந்தது. இவ்விரு பொறுப்புகளையும் தனிப் பெட்டி ஒன்றிடம் ஒப்படைக்க விரும்பினேன்.

கேபிள் வேலை எளிது: மோடத்திலிருந்து வருவது ரவுட்டரின் வான் (WAN, இணையப் பக்க) துளையில், கணினிக்குச் செல்வது லேன் (LAN, வீட்டுப் பக்க) துளையில். மோடம், ரவுட்டர் இரண்டுக்கும் தொடக்க முகவரி 192.168.1.1 என்றே இருந்ததால், ரவுட்டருக்கு 192.168.10.1 என மாற்றிக் கொடுத்தேன். இரண்டும் ஒரே எண்ணில் இருந்தால் உலாவியில் எப்போதும் ரவுட்டரின் பக்கமே திறக்கும். மாற்றிய பின் கணினியின் கேபிளை ஒருமுறை கழற்றிச் செருகினால், அது புதிய முகவரியைக் கேட்டுப் பெற்றுக்கொள்கிறது.

பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரியாக இருந்தும் இணைப்பு மறுக்கப்பட்டது. சேவை நிறுவனம் கணினியின் மேக் முகவரியை (வலையமைப்புக் கருவிக்குரிய அடையாள எண்ணை) பதிந்து வைத்துக்கொண்டு, அதைத் தவிர வேறெந்தக் கருவியையும் ஏற்காததே காரணம். ரவுட்டரின் வான் அமைப்பில் உள்ள 'மேக் குளோன்' வசதியில் கணினியின் பன்னிரண்டு இலக்க முகவரியை இட்டதும் இணைப்பு எழுந்தது. நாளை கணினியையே மாற்றினாலும் அந்த முகவரி ரவுட்டரில் நிலைத்திருக்கும் என்பதால், மறுபதிவு கேட்டு அலைய வேண்டியதில்லை.

அடுத்து வந்ததுதான் சுவாரசியமான சிக்கல். சில தளங்கள் உடனே திறந்தன. சிலவோ தலைப்பு மட்டும் தெரிந்து, பக்கம் வராமல் அப்படியே நின்றன. இத்தகைய அரைகுறை நோய்க்குப் பெரும்பாலும் எம்.டி.யு. அளவை, அதாவது ஒரே பொதியில் (தரவுத் துண்டில்) அனுப்பக்கூடிய உச்ச அளவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஈதர்நெட் பொதி 1500 பைட் வரை சுமக்கும், அதில் பி.பி.பி.ஓ.இ. தலைப்புக்கு (தரவின் முன்னால் சேரும் குறிப்புக்கு) 8 பைட் போக எஞ்சுவது 1492. பொதியைத் துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பொதி) அனுப்பிப் பார்த்தபோது, 1464 பைட் தரவு சென்றது, 1465 செல்லவில்லை. பிங்கின் 28 பைட் தலைப்புகளைக் கூட்டினால் 1464 சரியாக 1492 ஆகிறது. ரவுட்டரில் 1500 என்றிருந்ததை 1492 ஆக்கியதும் அந்தத் தளங்களும் திறந்தன.

நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுவது, ரவுட்டரின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பது, வெளியிலிருந்து ரவுட்டரை இயக்கும் வசதியை நிறுத்துவது ஆகியவை வழக்கமான வேலைகள். கணினி கேபிளில் இருப்பதால் வைஃபையையே முழுதாக அணைத்துவிட்டேன். பயன்படாத கதவுக்குப் பூட்டுத் தேடுவானேன்?

இன்னும் செய்ய வேண்டியது ஐ.பி. முகவரியின் புதிய வடிவமான ஐ.பி.வி.6. அதில் பொதுவாக முகவரி மாற்றம் (கணினியின் முகவரிக்குப் பதில் ரவுட்டரின் பொது முகவரியை வெளியே காட்டுவது) இல்லாமல் கணினிக்கே பொது முகவரி கிடைத்துவிடும் என்பதால், ரவுட்டரின் ஐ.பி.வி.6 ஃபயர்வால் உள்வரும் அழைப்புகளைத் தடுக்கிறதா என்று சோதித்த பிறகே அதை இயக்கப் போகிறேன்.